சாயத் தண்ணீருக்கு எதைப் போடுவது: கரியா, நார்த்தூளா, பனங்கொட்டையா, பாசியா?

ராமநாதபுரம் மாவட்டம் சாயல்குடிப் பக்கத்துக் கடலோரக் கிராமம் ஒன்றில் எங்கள் மதினி வீடு. வீட்டுப் பின்புறம் தரை மூன்று நிறத்தில் இருக்கும். துவைகல் பக்கம் பச்சை, வேலியோரம் ரோஸ், முருங்கை மரத்தடியில் ஊதா. ஓலைப்பெட்டி முடைவதற்குக் குருத்தோலையைச் சாயத்தில் போட்டுக் கொதிக்கவைத்துவிட்டுப் பானையைக் கவிழ்த்த இடங்கள் அவை. ஆறு பெண்கள் சேர்ந்து முடைகிறார்கள். சாயம் காய்ச்சும் நாளில் ஐம்பது, அறுபது லிட்டர் வெளியே போகும். போன ஐப்பசி மழையில் அந்தப் பச்சை சரிவில் வழிந்து ஊருணிக் கரை வரை வந்துவிட்டது. ஊரில் பேச்சு வந்தது. "தம்பி, நீங்க காலேஜ் லேப்லதானே இருக்கீங்க, ஒரு வழி சொல்லுங்க" என்றார் மதினி.

வழி என்னவோ பழையதுதான். ஒரு டிரம்மில் சாயத்தை உறிஞ்சும் பொருளைப் போட்டு, தண்ணீரை அதன் வழியாக விட வேண்டும். எந்தப் பொருள், எந்த அளவுக்கு உடைத்தது, ஆசிட்டில் ஊறவைத்துப் போடுவதா வெறுமனே போடுவதா என்பதில்தான் குழப்பம். ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டினால் முக்கால்வாசி "நன்றாகப் பொடி செய், ஆசிட்டில் ஊறவை" என்றுதான் சொல்லும். காய்ச்சி வடித்த தண்ணீர் குழாயில் வரும் ஆய்வகத்துக்கு அது சரி. குடிக்கிற தண்ணீரைக் குடம் இவ்வளவு என்று காசு கொடுத்து வாங்கும் ஊருக்கு அப்படியே பொருந்தாது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சாயம் எதுவென்று பார்க்க வேண்டும். பொட்டலத்தில் வரும் ஓலைச் சாயங்களில் திரும்பத் திரும்ப அடிபடுவது பச்சைக்கு மலக்கைட் பச்சை, ரோஸுக்கு ரோடமின் பி, ஊதாவுக்கு மெத்தில் வயலட், மஞ்சளுக்கு ஆரமின். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்ததே, அதற்குக் காரணம் இந்த ரோடமின் பி-தான். மலக்கைட் பச்சையோ, நாம் சாப்பிடுகிற மீனிலும் இறாலிலும் இருக்கவே கூடாதென்று விலக்கப்பட்ட பொருள். இறால் பண்ணை வைத்திருக்கிற கரையில் அதைத் தரையில் ஊற்றிக்கொண்டிருக்கிறோம்.

இந்தச் சாயங்கள் தண்ணீரில் கரைந்ததும் நேர்மின்னூட்டம் கொள்பவை. ஓலை, நார், மரம் போன்ற தாவரப் பொருள்களின் மேற்பரப்பிலோ அமிலத் தொகுதிகள், அதாவது அமிலக் குணமுள்ள சிறு அணுக்கூட்டங்கள், இருக்கின்றன. நடுநிலையான தண்ணீரில் அவை எதிர்மின்னூட்டத்தோடு இருக்கும். இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஓலையில் சாயம் ஏறுவதிலும் இதற்குப் பங்குண்டு. ஆக நாம் செய்யப்போவது ஓலை குடித்தது போக மிச்சத்தை ஓலையின் பங்காளிகளுக்குக் குடிக்கக் கொடுப்பது, அவ்வளவுதான்.

பங்காளிகள் எங்கள் பக்கத்தில் நான்கு பேர். கமுதி, முதுகுளத்தூர், சாயல்குடி வட்டாரமெங்கும் மூட்டம் போட்டு, அதாவது விறகை அடுக்கி மண்ணால் மூடிப் புகையவிட்டு, எடுக்கும் சீமைக் கருவேலங்கரி. உச்சிப்புளிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளின் மட்டையிலிருந்து கயிறு திரித்தது போக மலையாகக் கிடக்கும் நார்த்தூள். பனங்கிழங்கு பிடுங்கிய பிறகு அடுப்புக்குப் போகும் பனங்கொட்டை. அப்புறம் காற்றுக் காலத்தில் கரையில் ஒதுங்கும் கட்டக்கோரை என்ற பழுப்புக் கடற்பாசி.

பாசியை முதலிலேயே கழித்துவிட்டோம். (பாசி செடியே அல்ல என்று எங்கள் தாவரவியல்காரர் சண்டைக்கு வருவார், அது வேறு.) சாயம் பிடிப்பதில் அதைக் குறை சொல்ல முடியாது. அதில் ஆல்ஜினேட் ஏராளம், அதுவோ அமிலத் தொகுதிகள் நிறைந்த பொருள். ஆனால் உப்புத் தண்ணீரில் போட்டால் பாசியிலுள்ள கால்சியத்தைச் சோடியம் தள்ளிவிட்டு ஆல்ஜினேட்டைக் கரைக்கப் பார்க்கும். தண்ணீர் வெண்டைக்காய்ச் சாறு போலக் கொழகொழக்கும். அதைத் தடுக்க நீர்த்த ஆசிட்டிலோ கால்சியம் குளோரைடிலோ முன்கூட்டி ஊறவைக்க வேண்டும். கரையில் ஒதுங்கியது போதாமல் தீவுப் பக்கம் பறிக்கப் போனால் இன்னொரு வம்பு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. சாய டிரம்முக்காக யாரும் வனத்துறையிடம் பதில் சொல்ல வேண்டாம்.

மிச்சம் மூன்று. இங்கே பொடியின் அளவுக்கு வருகிறேன், ஏனென்றால் பொருளைத் தேர்ந்தெடுப்பதைவிடச் சல்லடையைத் தேர்ந்தெடுப்பதுதான் கடினமாக இருந்தது.

கரியையும் பனங்கொட்டை ஓட்டையும் உரலில் இடித்து மதினி வீட்டிலிருந்த இரண்டு சல்லடையில் சலித்தோம். ஒன்று ஜன்னலுக்கு அடிக்கும் கொசுவலைக் கம்பி, கண் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். மற்றொன்று மாவு சலிப்பது. கொசுவலையில் தங்கியது கரடு, இரண்டுக்கும் நடுவில் நின்றது ரவை, மாவுச் சல்லடையில் விழுந்தது மாவு. நார்த்தூளையும் உரலுக்கு அனுப்பாமல் அதே சல்லடைகளில் பிரித்தோம். ஹார்லிக்ஸ் பாட்டில்களில் ஒரே எடை போட்டு, ஒரே பச்சைத் தண்ணீரை ஊற்றி, திண்ணையில் வரிசையாக வைத்தோம். கரியில் மாவு பாட்டில் பத்து நிமிடத்தில் வெளுத்தது. ரவை மத்தியானத்துக்கு வந்து சேர்ந்தது. கரடு மறுநாள் காலையில். மறுநாள் காலை மூன்றையும் வெயிலில் தூக்கிப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. பனங்கொட்டையிலோ மறுநாள் காலையிலும் மாவு பாட்டில்தான் வெளிறியிருந்தது. கரடு அப்படியே பச்சை.

காரணம் இதுதான். கரிக்குள் மரத்தின் குழாய்கள் அப்படியே இருக்கின்றன, சாயம் உள்ளே நடந்துபோய் உட்காரும். சிறிதாக உடைத்தால் நடக்கும் தூரம் குறைகிறது, உட்காரும் இடம் அவ்வளவாகக் கூடுவதில்லை. பனங்கொட்டை ஓடு கல் மாதிரி. வெளிப்புறம் மட்டும்தான் இடம், அதனால் உடைக்க உடைக்க இடம் கூடும். ஆக "சிறிதாக உடைத்தால் நல்லது" என்ற ஒரே வாக்கியத்துக்குக் கரிக்கு ஒரு பொருள், கொட்டைக்கு வேறு பொருள். கரிக்குப் பொறுமை இருந்தால் போதும். கொட்டைக்கு இடிக்கிற கை வேண்டும். பனங்கொட்டை ஓட்டை இடித்துப் பார்த்தவர்களுக்கு அந்தக் கை யாருடையது என்ற கேள்வி உடனே வரும். மதினி உலக்கையைச் சாத்திவைத்துவிட்டு, "இது அடுப்புக்கே இருக்கட்டும்" என்றார். அத்தோடு கொட்டையும் போனது.

அப்படியானால் கரியை மாவாக்கி டிரம்மில் நிரப்பிவிடலாமே? நிரப்பினோம். அடியில் துளை போட்டு, துணி கட்டி, கரி மாவு ஒரு முழம். மேலே ஊற்றிய தண்ணீர் கோடை முடிந்த கண்மாய் மாதிரி அசையாமல் நின்றது. சாயங்காலம் வரை ஒரு செம்பு இறங்கியிருக்கும். இறங்கியதும் கறுப்பு.

கணக்கு போட்டால் புரிந்துவிடும். இரண்டு மில்லிமீட்டர் மணியை அரை மில்லிமீட்டர் ஆக்கினால் விட்டம் கால்வாசி. சாயம் மணியின் நடுவரை போய்ச் சேர ஆகும் நேரம் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, அது பதினாறில் ஒரு பங்காகிறது. சரி, ஆதாயம். ஆனால் தண்ணீர் அந்த அடுக்கின் வழியாக இறங்குவதற்கான தடையும் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததுதான், தலைகீழாக. அது பதினாறு மடங்காகிறது. ஒரு கை கொடுப்பதை மறு கை பிடுங்கிக்கொள்கிறது. பொடியைக் கலக்கித் தெளியவைப்பதானால் மாவு நல்லது. டிரம்மில் ஊற்றித் தானாக இறங்க வேண்டுமானால் ரவை. நடுவில் சமரசம் எதுவும் இல்லை. கலக்கித் தெளியவைக்க ஒரு நாள் முழுக்க ஆகிறது, தெளிந்ததை வடிக்கும்போது அடிக்கரி மறுபடி கிளம்புகிறது. அதனால் ரவை என்று முடிவானது. மாவாக விழுந்ததைத் தனியாக எடுத்துவிட வேண்டும். ரவையோடு கொஞ்சம் மாவு கலந்திருந்தாலும் மணிகளின் இடுக்கில் அது போய் உட்கார்ந்து அடைத்துவிடும்.

கரி வாங்கும்போது ஒரு சின்ன விஷயம். மூட்டம் பிரித்தபின் தரையில் கிடக்கும் தூளை மலிவு என்று வாங்கிவிடாதீர்கள். பாதி மண்ணும் சாம்பலும். மூட்டைக்குப் போகாமல் கழித்த சில்லுக் கரியை வாங்கி நாமே இடிப்பதுதான் நல்லது.

நார்த்தூளின் கதை வேறு. அதை இடிக்க வேண்டியதே இல்லை, கயிறு ஆலையே பொடியாக்கிக் கொடுத்துவிடுகிறது. மலக்கைட் பச்சையை அது பிடித்த வேகத்தைப் பார்த்து நானே அசந்துபோனேன். எடைக்கு எடை சாதாரண மூட்டக் கரியைவிட நன்றாகவே பிடித்தது. மூட்டக் கரி செயலூட்டிய கரி அல்லவே. கடையில் செயலூட்டியது என்று விற்கும் தேங்காய்ச் சிரட்டைக் கரியை 800 டிகிரிக்கு மேல் நீராவி விட்டுத் துளைத்திருப்பார்கள், ஒரு கிராமில் ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்குப் பரப்பு இருக்கும். நம் மூட்டக் கரிக்கு அதில் ஒரு சிறு பங்குதான். ஆனால் நார்த்தூள் தன் எடையைப் போல ஏழெட்டு மடங்கு தண்ணீர் குடித்து உப்பி, களி மாதிரி அமுங்கிவிடும். டிரம்மில் அடைத்தால் கரி மாவின் கதைதான். கூடவே தன் பங்குக்கு டீ டிகாக்‌ஷன் நிறத்தில் ஒரு சாற்றையும் இறக்கும்.

அந்தப் பழுப்புச் சாற்றுக்காகத்தான் முதலில் ஆசிட்டை நினைத்தேன். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டில் ஒரு ராத்திரி ஊறவைத்தால் சாறும் உப்பும் பெருமளவு கழுவப்பட்டுப் போகும். அமிலத் தொகுதிகளில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் கால்சியம், பொட்டாசியம் எல்லாம் எழுந்து இடம் காலியாகும். கட்டுரைகள் சொல்லும் ஆதாயம் இதுதான், பொய்யில்லை. ஆனால் அந்த இடத்தில் இப்போது ஹைட்ரஜன் உட்கார்ந்திருக்கிறது. ஆசிட் மிச்சமிருந்தால் தண்ணீர் புளிக்கும். புளித்த தண்ணீரில் தாவரப் பொருளின் எதிர்மின்னூட்டம் குறையும், நேர்மின்னூட்டச் சாயம் ஒட்டாது. அதனால் ஆசிட் போகும்வரை அலச வேண்டும். நார்த்தூள் பஞ்சு மாதிரி, அலசியதையெல்லாம் உள்ளே வைத்துக்கொள்ளும். ஒரு சாக்கு நார்த்தூளை அலச நாங்கள் செலவழித்த தண்ணீர், அதைக் கொண்டு சுத்தம் செய்யப்போகும் சாயத் தண்ணீரைவிட அதிகம்.

"போர்த் தண்ணி இருக்குல்ல, அதுல அலசுங்க" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. நியாயமான கேள்வி. எங்கள் ஊர்ப் போர்த் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். அவ்வளவு சுண்ணாம்பும் உப்பும். ஆசிட் விட்டு எழுப்பிய கால்சியம் வெளியே நின்றுகொண்டிருக்க, அலசுகிற தண்ணீரே வேறு கால்சியத்தைக் கொண்டுவந்து அதே நாற்காலியில் உட்காரவைத்துவிடும். இந்த அமிலத் தொகுதிகளுக்குச் சோடியத்தைவிடக் கால்சியத்தின் மேல் பிரியம் அதிகம். ஆசிட்டுக்குக் கொடுத்த காசு, நேரம், கை எரிச்சல் எல்லாம் வீண். நல்ல தண்ணீர் கைவசம் இல்லாத இடத்தில் நார்த்தூளுக்கு ஆசிட் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். பழுப்புச் சாறு போக ஒரு சாக்கை ஐப்பசி கார்த்திகை மழையில் வெட்டவெளியில் கிடத்தினால் போதும். மழைத் தண்ணீருக்கு யாரும் பில் போடுவதில்லை.

எலுமிச்சை உப்பு என்று கடையில் கிடைக்கும் சிட்ரிக் ஆசிட்டை நார்த்தூளோடு கலந்து 120 டிகிரி அளவுக்குச் சூடாக்கினால் அது பொருளோடு பிணைந்து புதிய அமிலத் தொகுதிகளையே கூட்டும் என்பது இன்னொரு வழி. இடத்தைக் காலி செய்வதல்ல, நாற்காலியே கூடுதலாகப் போடுவது. ஆய்வகத்தில் சூட்டை அளவாக நிறுத்திவைக்கும் அடுப்பு இருக்கிறது. மதினி வீட்டில் இருப்பது விறகடுப்பு. மொட்டை மாடி வெயில் நூற்றிருபது டிகிரி என்று எங்கள் ஊர்க்காரர்கள் சத்தியம் செய்தாலும் உண்மையில் அவ்வளவு இல்லை. அடர் சல்பியூரிக் ஆசிட் ஊற்றிக் கருக்குவதைப் பற்றி எழுதக்கூட விருப்பமில்லை. பிள்ளைகள் ஓடியாடுகிற வீட்டில் அதற்கு வேலை இல்லை.

அப்படியானால் கரிக்கும் ஆசிட் வேண்டாமா? வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன், எலுமிச்சம்பழம் வரும் வரை.

திண்ணைப் பாட்டில்களில் கரி பாட்டில் கண்ணாடி மாதிரித் தெளிந்திருந்தது. நார்த்தூள் பாட்டிலில் பழுப்பு. எல்லோரும் கரிக்கே ஓட்டு. எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. மலக்கைட் பச்சைக்கு ஒரு குணம் உண்டு. காரத்தன்மையுள்ள, அதாவது அமிலத்துக்கு எதிர்க்குணமுள்ள தண்ணீரில் அது நிறமில்லாத வேறொரு வடிவமாக மாறிவிடும். மூட்டக் கரியில் சாம்பல் இருக்கிறது, சாம்பல் காரம். அப்படியானால் பச்சை போனதா, ஒளிந்துகொண்டதா? அரை மூடி எலுமிச்சம்பழத்தை அந்தத் தெளிந்த தண்ணீரில் பிழிந்துவிட்டு ஒரு டீ குடித்து வந்தோம். பாட்டில் வெளிர்பச்சையாக நின்றது. மதினி பழத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

கரி கொஞ்சம் பிடித்திருந்தது, மீதியைக் கண்ணிலிருந்து மறைத்திருந்தது. கரிக்கு ஆசிட் தேவைப்படுவது இதனால்தான். துளைகளைப் பெரிதாக்கவோ சக்தி ஏற்றவோ அல்ல, சாம்பலைக் கரைத்து வெளியேற்ற. வெறும் தண்ணீரில் அலசினால் சாம்பலில் கரையும் பங்கு போகும், சுண்ணாம்புப் பங்கு நிற்கும். நீர்த்த ஆசிட் விட்டால் அது நுரைத்துக்கொண்டு கரைகிறது. நுரை நின்றால் வேலை முடிந்தது என்று தெரிந்துகொள்ளலாம். அப்புறம் கரி நார்த்தூள் போல அமிலத் தொகுதிகளை நம்பிப் பிழைப்பதில்லை. சாயத்தை அது பிடிப்பது பெரும்பாலும் தன் பரப்பினால். அதனால் போர்த் தண்ணீரிலேயே அலசலாம், கால்சியம் வந்தாலும் பெரிய நஷ்டமில்லை. ரவை அளவுக் கரி தண்ணீரை வடியவும் விடும், நாலைந்து அலசலில் முடிந்தது. ஒரே ஆசிட், பக்கத்துப் பக்கத்து டிரம்கள். ஒன்றுக்கு வீண், மற்றொன்றுக்கு அவசியம்.

ஆசிட் வேலையைப் பிளாஸ்டிக் வாளியில், வெட்டவெளியில், கையுறை போட்டு நானே செய்தேன். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை அல்ல. பிளீச்சிங் பவுடர் போட்டுச் சாயத்தை வெளுக்கவைக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அந்த வாளியை இந்த வாளிக்கு அருகில்கூட வைக்காதீர்கள், இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

இப்போது மதினி வீட்டில் இருக்கும் ஏற்பாடு இது. சாயத் தண்ணீர் ஆறியதும் முதல் டிரம்மில் ஊற்றுகிறார்கள். அதில் மழையில் கிடந்த நார்த்தூள், சணல் சாக்கில் தளர்வாகக் கட்டி, டீ பை போலத் தொங்கும். தண்ணீர் அதன் வழியாக இறங்க வேண்டியதில்லை, சுற்றி நின்றால் போதும், அடைப்புப் பிரச்சினையே இல்லை. ஒரு ராத்திரி. காலையில் அந்தத் தண்ணீரை இரண்டாவது டிரம்முக்கு மாற்றுகிறார்கள். அதில் ஆசிட்டில் கழுவிய ரவைக் கரி. சொட்டுச் சொட்டாக இறங்கும்படி குழாயைத் திருகி வைத்திருக்கிறோம். பச்சையின் பெரும்பங்கை நார் எடுத்துக்கொள்கிறது, நாரின் பழுப்பையும் மிச்சச் சாயத்தையும் கரி. கரி மட்டும், நார் மட்டும் என்று வைத்துப் பார்த்ததில் இரண்டையும்விட இது மேல்.

ரோஸ் மட்டும் இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. ரோடமின் பி மூலக்கூறிலேயே ஓர் அமிலத் தொகுதி இருக்கிறது. நடுநிலைத் தண்ணீரில் அதுவும் எதிர்மின்னூட்டம் கொண்டுவிடுவதால் நார் அதைக் கொஞ்சம் தள்ளிவிடுகிறது. அதற்கு ஆசிட்டைப் பொருளுக்கு விடாமல் தண்ணீருக்கே விடலாம். பானைக்கு ஒரு கரண்டி வினிகர் ஊற்றி, நாரைத் தாண்டி நேரே கரிக்கு அனுப்பினால் மேலாக வருகிறது. பச்சைக்கு இதைச் செய்தால் எதிர்மாறாகும். அதனால் இரண்டையும் ஒரே நாளில் காய்ச்சுவதில்லை. ரோஸ் பானையைக் கவிழ்க்காமல் மூடிவைத்து அடுத்த ஓலைக்கும் அதையே பயன்படுத்துகிறார்கள். டிரம்முக்கு வரும் தண்ணீரே பாதியாகக் குறைந்துவிட்டது. சொல்லப்போனால் முதலில் செய்திருக்க வேண்டியது இதுதான், கடைசியில்தான் தோன்றியது.

சாயம் குடித்துத் தீர்ந்த நாரைத் தென்னைக்கும் முருங்கைக்கும் உரமாகப் போட ஆசைப்பட்டார்கள். கூடாது என்றேன். பிடித்ததை மண்ணில் மெல்ல விட்டுவிடும். காயவைத்து மூடிய சாக்கில் கட்டி வைத்திருக்கிறோம். செங்கல் சூளைக்காரர் ஒருவரிடம் பேசியிருக்கிறோம், சூளையின் கடும் சூட்டில் போய்விட்டால் நல்லது, சமையல் அடுப்பில் வேண்டாம்.

போன வாரம் போனபோது இரண்டாவது டிரம்மின் குழாயடியில் ஒரு டம்ளர். பக்கத்துத் திண்டில் நறுக்கிய எலுமிச்சம்பழம். ஒவ்வொரு பச்சைப் பானைக்கும் மதினி பிழிந்து பார்க்கிறாராம். "பழம் விலைதான் தம்பி கட்டுபடியாகல" என்றார். வினிகர் பாட்டிலைக் காட்டி, சொட்டு மூன்று போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.